நாற்றத்தை எழுதி வைத்த சனம்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான ஒருநாள் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை. வாசிப்பதற்காக ஆங்காங்கே சுருக்கப்பட்டுள்ளது.)



ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓய்வு நாள் அல்ல. துணி துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சுற்றாடலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுற்றாடல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஜூன் மாதம் மரக்கன்று நடும் விழாதான். துரை ஒரு கன்று நடுவார், போட்டோ எடுப்பார்கள், அடுத்த வாரம் அந்தக் கன்றை ஆடு தின்றுவிடும். (சிரிப்பு) நான் அந்தச் சுற்றாடலைப் பற்றிப் பேச வரவில்லை. மூச்சு விடுகிற காற்று, குடிக்கிற தண்ணீர், அதைக் கெடுக்கிறவர்களிடம் நியாயம் கேட்ட சனம், இவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது நடந்த இடம் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகம்.

மலையில் இருக்கிற நமக்குத் துறைமுகக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். நாம் பறிக்கிற கொழுந்து துறைமுகத்தின் வழியாகத்தான் போகிறது என்று சொல்லலாம். ஆனால் காரணம் அதுவல்ல. அந்தத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கிறவர்களில் ஒரு பெரும் பகுதியினர் நம்மைப் போலத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் திகதி 342 பேரோடு டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் என்று அழைக்கப்பட்ட அந்த நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தத்தில் போனவர்கள் அவர்கள். 1911 வரை அப்படிப் போனவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகப் போனவர்கள்; தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நம் பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து மலையேறிய காலமும் அதுதான். இங்கே கங்காணி, அங்கே சர்தார். இங்கே லயம், அங்கே ‘பாரக்ஸ்’. பெயர்தான் வேறு.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இருந்தவர்கள் தலைக்கு மூன்று பவுண் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1913இல் சுரங்கமும் கரும்புத் தோட்டமும் வேலைநிறுத்தம் செய்து, அடுத்த ஆண்டு அந்த வரியை ஒழித்தார்கள். காந்தியின் பெயரோடு அந்தப் போராட்டத்தைப் படித்திருப்பீர்கள். நிறுத்தம் செய்து அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் கூலிகள் என்பதைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் துறைமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் குடிசை போட்டார்கள். யாருக்கும் வேண்டாத நிலம், கொசு உள்ள நிலம். அதைத் திருத்திக் கீரையும் மரக்கறியும் போட்டார்கள். குடாவில் வலை இழுத்து மீன் பிடித்தார்கள். கிளேர்வுட் என்ற இடத்தில் முருகன் கோயில் கட்டினார்கள். அந்தக் கோயில் இருக்கிற தெருவுக்குப் பெயர் சர்தார் ரோட். தைப்பூசத்துக்கு இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள். கங்காணித் தெருவில் முருகன் கோயில் என்று நினைத்துப் பாருங்கள், நம்ம ஊர் மாதிரி இல்லையா?

பிறகுதான் துறைமுகம் பெருத்தது. துறைமுகம் பெருத்தால் அதற்குப் பின்னால் கிடங்கு வேண்டும், எண்ணெய்த் தாங்கி வேண்டும், ஆலை வேண்டும். எங்கே போடுவது? வெள்ளைக்காரர் இருக்கும் மேட்டில் போட மாட்டார்கள். கூலிக்காரர் திருத்திய பள்ளத்தில் போட்டார்கள். 1954இல் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. மசகெண்ணெய்யைக் காய்ச்சிப் பெற்றோலும் டீசலும் எடுக்கிற ஆலை. நம் நாட்டில் சப்புகஸ்கந்தையில் இருப்பது போல. 1963இல் இன்னொன்று வந்தது. 1970களின் தொடக்கத்தில் காகித ஆலை வந்தது. விமான நிலையமும் வந்தது. இன்னொரு பக்கம் 1950இல் போட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இந்தியர், கலப்பினத்தவர், ஆபிரிக்கர் என்று பிரித்து, இருந்த இடத்திலிருந்து பிடுங்கி, வேறு வேறு பேட்டையில் போட்டார்கள். மியர்பாங்க் இந்தியருக்கு. அதன் பக்கத்தில் வென்ட்வர்த், கலப்பினத்தவருக்கு. இந்த இரண்டு பேட்டைக்கும் அந்த ஆலைகளுக்கும் இடையில் இருந்தது ஒரு கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் துணி காய்கிறது, அந்தப் பக்கம் புகைபோக்கி எரிகிறது. பிரித்து வைத்ததில் ஆட்சிக்கு இன்னொரு இலாபமும் இருந்தது. ஒரே புகையைக் குடிக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

மியர்பாங்க் மக்கள் 1960களிலிருந்தே குடியிருப்போர் சங்கம் வைத்து மனு எழுதியவர்கள். நாற்றம் அடிக்கிறது, பிள்ளைக்கு இழுப்பு வருகிறது, கண் எரிகிறது என்று எழுதுவார்கள். ‘எங்கள் அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன’ என்று பதில் வரும். இந்தப் பதிலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

1994இல் மண்டேலா ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அந்த ஆலைகளில் ஒன்றின் விரிவாக்கத்தைத் திறந்து வைக்க அவர் வந்தபோது, மியர்பாங்க், வென்ட்வர்த் மக்கள் பதாகையோடு வீதியோரம் நின்றார்கள். தங்கள் தலைவர், தாங்கள் வாக்களித்த தலைவர். அவருக்கு எதிரே பதாகை பிடிப்பது லேசான காரியம் இல்லை. அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, அவர்களோடு பேசினார். அதன் பிறகுதான் அரசாங்கமும் கம்பனிகளும் சனமும் ஒரே மேசையில் உட்காரும் வழி திறந்தது. அந்தக் காலத்தில்தான் மியர்பாங்க், வென்ட்வர்த், வெள்ளையர் இருந்த ப்ளஃப் என்ற மேட்டுப் பகுதி, இன்னும் சுற்றியுள்ள பேட்டைகளின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து தெற்கு டர்பன் சமூகச் சுற்றாடல் கூட்டணியை அமைத்தன. மேட்டில் இருந்த வெள்ளையரும் கடைசியில் அதே காற்றைத்தான் குடித்தார்கள்.

மேசையில் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. கம்பனிக்காரர் கையில் கணக்கு இருந்தது. சனத்தின் கையில் இருமல்தான் இருந்தது. இருமலைக் காட்டினால், ‘சிகரெட் குடிக்கிறீர்களா?’ என்று கேட்பார்கள்.

இதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த உரையில் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது அதுதான்.

முதலாவது, வாளி. நாம் தண்ணீர் எடுக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாளி. மூடி இறுக்கமாக இருக்கும். உள்ளே ஒரு விசேஷமான பை, மூடியில் ஒரு குழாய். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறிய பம்பால் உறிஞ்சினால், வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் போய் நிறையும். அந்தப் பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆலைக்குப் பக்கத்தில் இருந்த சனத்துக்காக 1990களில் இதைச் செய்தார்கள். 2000ஆம் ஆண்டளவில் அது டர்பனுக்கு வந்தது. கம்பனியின் மானிப் பொறி எங்கே வைத்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் அளக்கும். வாளி, நாற்றம் வருகிற நேரத்தில், நாற்றம் வருகிற வீட்டு வாசலில் அளக்கும். நடுச்சாமம் என்றால் நடுச்சாமம். இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடிய பென்சீன் அந்தப் பைகளில் இருந்தது தெரியவந்தது. இந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் பொபி பீக். வென்ட்வர்த்தில், ஆலையின் வேலியோரத்தில் வளர்ந்தவர். 1998இல் கோல்ட்மன் சுற்றாடல் விருது அவருக்குக் கிடைத்தது.

அதே 2000ஆம் ஆண்டில் இன்னொன்றும் வெளியே வந்தது. ஆலைகளில் ஒன்று, தான் வெளிவிடும் கந்தகவீரொட்சைட்டு வாயுவை ஆண்டுக்கணக்காகக் குறைத்துக் காட்டியிருந்ததை ஒப்புக்கொண்டது. ‘எங்கள் அளவுகள் எல்லாம் சரி’ என்ற பதிலின் கதி அப்படியாயிற்று. அடுத்த ஆண்டு ஒரு பெற்றோல் குழாய் நிலத்துக்குக் கீழே ஒழுகி, பத்து இலட்சம் லீற்றருக்கும் மேல் குடியிருப்பின் அடியில் ஊறிப்போனது. வீட்டுக்கு அடியில் பெற்றோல்! தீப்பெட்டி உரசப் பயந்திருப்பார்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடம். மியர்பாங்கில் ‘செட்லர்ஸ்’ என்ற ஆரம்பப் பாடசாலை, இரண்டு ஆலைகளுக்கும் நடுவில் இருக்கிறது. டர்பன் பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா இருந்தது. காற்றில் அழுக்கு ஏறிய நாளைத் தொடர்ந்து பிள்ளைகளின் மூச்சுத் திணறல் கூடியதையும் பதிவு செய்தார்கள். பிள்ளையின் மூச்சையும் காற்றையும் ஒரே கொப்பியில், நாளுக்கு நாள் எழுதியதால்தான் அது தெரிந்தது. வாளியால் செய்ததும் இதையேதான். எப்போது, எங்கே, என்ன, யாருக்கு என்ன ஆனது என்று எழுதி வைப்பது.

இந்தப் போராட்டத்தின் பலனாக அரசாங்கம் 2000இல் தெற்கு டர்பனுக்கென்று ஒரு பல அம்சத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அழுக்கு எரிபொருளை மாற்றினார்கள். நகரசபையே அளவுப் பொறிகளை வைத்தது. கந்தகவீரொட்சைட்டு நன்றாகக் குறைந்தது. 1965ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2004இல் புதிய காற்றுத் தரச் சட்டம் வந்தது. ஒரு துறைமுகப் பேட்டையின் இருமல், ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றுவதில் பங்கு கொண்டது. இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மனு எழுதத் தொடங்கி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. எழுதத் தொடங்கிய ஆட்களில் எத்தனையோ பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, நாற்ற அட்டவணை. சாட்ஸ்வர்த் என்பது இந்தியரைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் போட்ட பெரிய பேட்டை. அதன் ஓரத்தில் 1990இலிருந்து ஆபத்தான இரசாயனக் குப்பையைக் கொட்டி வந்தார்கள். துறைமுகத் தொழிற்சாலைகளின் கழிவு லொறியில் அங்கே போகும். தெற்கு டர்பன் கூட்டணியை அமைத்தவர்களில் ஒருவரான டெஸ்மன்ட் டிசா, அவரும் சின்ன வயதில் குடும்பத்தோடு பிடுங்கப்பட்டு வென்ட்வர்த்துக்கு வந்தவர், ஒரு அட்டவணை செய்தார். அழுகிய முட்டை மாதிரி மணந்தால் என்ன வாயுவாக இருக்கலாம், வேறு மாதிரி மணந்தால் எது என்று. படிக்காத ஆளும் மூக்கால் அறிந்து, திகதியும் நேரமும் சொல்லி முறைப்பாடு செய்யலாம். அந்தக் குப்பை மேட்டைப் பெரிதாக்கக் கம்பனி அனுமதி கேட்டபோது சனம் எழுந்தது. 2011இல் குப்பை மேடு மூடப்பட்டது. அதே ஆண்டில் டிசாவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் காயத்தோடு தப்பினார். 2014இல் அவருக்கும் கோல்ட்மன் விருது கிடைத்தது. விருதைச் சொல்லிவிட்டுத் தீயைச் சொல்லாமல் விட்டால் அது உங்களை ஏமாற்றுவதாகும்.

எல்லாவற்றிலும் வெல்லவில்லை. நாட்டின் கொள்கலன்களில் பாதிக்கும் மேல் டர்பன் வழியாகத்தான் போகின்றன. அந்த லொறிகள் கிளேர்வுட்டின் வீட்டுத் தெருக்களுக்குள் புகுந்தன. சனம் வெளியேற்றப்பட்ட இடங்கள் லொறி முற்றம் ஆயின. காவடி போகிற தெருவில் கொள்கலன் லொறி நிற்கிறது. கிளேர்வுட்டில் பெரிய குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. மழைத் தண்ணீரை உறிஞ்சுகிற பச்சை நிலம். 2012இல் அதை விற்றுக் கிடங்கு கட்டத் திட்டம் போட்டார்கள். சனம் எதிர்த்தது. தோற்றது. இன்று அங்கே கிடங்குகள்தான். பழைய விமான நிலைய நிலத்தைக் குழியாக வெட்டிப் புதுத் துறைமுகம் அமைக்கும் திட்டமும் இருந்தது. அந்த நிலத்தின் ஓரத்தில் மரக்கறி போட்டுப் பிழைக்கும் சின்ன விவசாயிகள் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அந்தக் குழி இன்னும் வெட்டப்படவில்லை. எதிர்ப்பும் ஒரு காரணம், காசு இல்லாததும் ஒரு காரணம். எல்லாப் புகழையும் போராட்டத்துக்குக் கொடுத்தால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை.

இப்போது தொழிற்சங்கக்காரராகிய நமக்கு மிகவும் கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

ஆலையில் வேலை செய்தது யார்? வென்ட்வர்த் ஆட்கள் பெயர் பெற்ற வெல்டர்மார், பைப் ஃபிட்டர்மார், பொய்லர் வேலைக்காரர்மார். ஆனால் நிரந்தர வேலை கொஞ்சப் பேருக்குத்தான். ஆலையை வருஷத்தில் சில வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள்; அந்த வாரங்களுக்கு மட்டும் ஒப்பந்தத்தில் கூப்பிடுவார்கள். நம்ம பாஷையில் சொன்னால் கொந்தரப்பு. அப்பா அந்த ஆலைக்குள் வேலை தேடிப் போவார். அம்மா அந்த ஆலைக்கு எதிராகப் பதாகை பிடிப்பாள். மகனுக்கு இழுப்பு. எல்லாம் ஒரே வீட்டுக்குள். ‘நீங்கள் கத்தினால் ஆலையை மூட வேண்டி வரும், அப்புறம் எங்கே போவீர்கள்?’ என்று கம்பனி கேட்கும். வேலையா, மூச்சா என்று கேட்பது முதலாளிமார் கண்டுபிடித்த மிகப் பழைய கேள்வி. சங்கமும் குடியிருப்போரும் சேர்ந்து, ‘இரண்டும் வேண்டும்’ என்று சொல்லாத வரைக்கும் அந்தக் கேள்வி வேலை செய்யும்.

நடந்ததைப் பாருங்கள். 2020 டிசம்பர் 4ஆம் திகதி காலை ஏழு மணியளவில் அந்த 1954ஆம் ஆண்டு ஆலை வெடித்தது. வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த மாடிக் குடியிருப்பிலும் தீ பிடித்தது. அந்த ஆலை மறுபடி ஓடவே இல்லை. எண்ணெய்க் கிடங்காக மாற்றுவதாக 2021இல் சொன்னார்கள். மற்ற ஆலை 2022இல் நின்றது. அதே ஏப்ரல் மாதம் வந்த பெருவெள்ளம் அதையும் மூழ்கடித்தது. 2024இல் அதை வைத்திருந்த இரண்டு உலகப் பெரிய எண்ணெய்க் கம்பனிகளும், ஷெல்லும் பிபியும், அரசாங்கத்துக்கு விற்றுவிட்டுப் போயின. விலை ஒரு ராண்ட். ஆமாம், ஒன்று. அறுபது வருஷம் இலாபம் எடுத்த பிறகு ஒரு ராண்டுக்கு. அந்த மண்ணுக்கு அடியில் ஊறியிருப்பதை யார் சுத்தம் செய்வது, வேலை போனவனுக்கு யார் வழி சொல்வது என்ற கேள்விகளும் அந்த ஒரு ராண்டோடு கை மாறின.

ஆகவே ஆலையை மூட வைத்தது பதாகை அல்ல. பழைய இயந்திரமும் கம்பனியின் கணக்கும்தான். ஐம்பது வருஷமாக, ‘நீங்கள் கத்தினால் மூடுவோம்’ என்றவர்கள், தங்களுக்கு இலாபம் இல்லாத நாளில் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டுப் போனார்கள். இதை நம்ம தோட்டத்தில் கைவிடப்பட்டுக் காடாகிப் போன மலைகளோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும், ‘சம்பளம் கேட்டால் தோட்டத்தை மூடுவோம்’ என்றுதான் சொன்னார்கள். நாம் கேட்காத தோட்டமும் காடாகித்தானே போயிருக்கிறது?

இனி நம்ம கதை. இதை நான் எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை.

நான் லயத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்துக் காம்பராவில் ஒரு அண்ணன் மருந்தடிக்கிற கேங்கில் வேலை செய்தார். முதுகில் டாங்கி, காலில் செருப்பு, முகத்தில் பழைய சாரத்துண்டு. மாலையில் வந்து டாங்கியைப் பீலியில்தான் கழுவுவார், வேறு இடம் கொடுக்கவில்லை. அந்தப் பீலித் தண்ணீர் கீழே பிள்ளைக்காம்பராவைத் தாண்டி, அதற்கும் கீழே சிங்களக் கிராமத்து வயலுக்குப் போகும். அவருக்குக் கை வெடித்தது, மூச்சு வாங்கியது, நகம் கழன்றது. டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்தார்கள். கடைசியில் நட்டஈடு கேட்டுச் சங்கத்தின் மூலம் போனோம். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. நிதானமாகக் கேட்டார்: என்ன மருந்து? எந்தெந்த நாள் அடித்தார்? எந்த மலை? கூட வேலை செய்தவர்கள் யார், அவர்களுக்கும் இப்படி இருக்கிறதா?

எங்களிடம் ஒரு பதிலும் இல்லை. ‘வெள்ளைக் கேன் மருந்து’ என்றார் அண்ணன். எத்தனையோ வருஷமாக அடித்த மருந்தின் பெயர் அவருக்குத் தெரியாது. தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், ‘அவர் கொஞ்சம் தண்ணி போடுகிறவர்’ என்று ஒரு வார்த்தை சொன்னார். கதை முடிந்தது. டர்பனில் சிகரெட், இங்கே சாராயம்.

இந்த நாட்டில் பரகுவாற்றைத் தடை செய்தார்கள். கிளைபோசேற்றை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி அனுமதித்தார்கள். கொழும்பில் இதைப் பற்றி எவ்வளவு வாதம் நடந்தது! விளைச்சல் குறையும் என்றார்கள், ஏற்றுமதி நின்றுபோகும் என்றார்கள். டாங்கியைச் சுமந்த ஆளின் கையில் இருந்த வெடிப்பைப் பற்றி அந்த மேசைக்கு நம்மால் எதைக் கொண்டுபோக முடிந்தது? கொப்பி இல்லாமல் போனோம்.

கடலிலும் இதே கதைதான். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது. 2017இல் டர்பன் துறைமுகத்தில் புயலில் கொள்கலன்கள் விழுந்து அதே மாதிரி மணி கரையெல்லாம் ஒதுங்கியது. நீர்கொழும்பு மீனவர்களும் சுற்றாடல் அமைப்புகளும் விடாமல் வழக்காடினார்கள். 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் கப்பல்காரர் நூறு கோடி அமெரிக்க டொலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. காசு கைக்கு வருவது வேறு விஷயம். ஆனால் எந்த நாளிலிருந்து கடலுக்குப் போகவில்லை, என்ன நட்டம் என்று காட்ட ஆதாரம் வேண்டியிருந்தது.

ஆகவே இன்று நான் கேட்பது மரக்கன்று அல்ல. ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பி. தோட்டத்தில் மருந்தடிக்கிற நாளெல்லாம் எழுதுங்கள்: திகதி, மலையின் பெயர் அல்லது இலக்கம், கேனில் இருக்கும் மருந்தின் பெயர், அடித்தவர்கள் யார், கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா, காற்று எந்தப் பக்கம் அடித்தது, அன்றும் மறுநாளும் யாருக்கு என்ன ஆனது. கொழுந்து எடுக்கப் பெண்களை எத்தனை நாள் கழித்து அந்த மலைக்கு அனுப்பினார்கள் என்பதையும் எழுதுங்கள். அதைக் கட்டாயம் எழுதுங்கள். பீலித் தண்ணீரில் நுரையோ மணமோ இருந்தால் அதையும். கீழே உள்ள கிராமத்தாரோடும் பேசுங்கள். அவர்கள் வயலுக்கு வருவதும் அதே தண்ணீர்தான். டர்பனில் மியர்பாங்கும் வென்ட்வர்த்தும் ஒன்றோடு ஒன்று பேச நாற்பது வருஷம் எடுத்தது. நமக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளும் பதில்களும்)

‘கொப்பியில எழுதுறத கணக்கப்பிள்ளை கண்டா வேலை போகாதா அக்கா?’ என்று ஒரு தலைவி கேட்டார்.

பயப்படுவது நியாயம். டிசாவின் வீட்டுக்குத் தீ வைத்ததைச் சொன்னேன், மறைக்கவில்லை. அதனால்தான் ஒருவர் கொப்பியாக வைக்கக் கூடாது. அது கமிட்டியின் கொப்பி. மாதக் கூட்டத்தில் வாசித்து, தலைவரும் தலைவியும் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவிடுங்கள். கொப்பி காணாமல் போனாலும் எழுதியது காணாமல் போகாது. யாராவது கேட்டால் சங்கத்தின் வேலை என்று சொல்லுங்கள். தனி ஆளாகப் பதில் சொல்ல வேண்டாம்.

‘மருந்தடிக்கிறவங்களுக்கு இங்கிலீசு தெரியாது, கேன்ல என்ன எழுதியிருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?’ என்று பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி கேட்டார்.

நல்ல கேள்வி. எங்கள் அண்ணன் தோற்ற இடமே அதுதான். கேனின் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். அடியில் அச்சடித்திருக்கும் இலக்கத்தையும் சேர்த்து எடுங்கள். லேபிளைக் கிழித்துவிட்டு வேறு கேனில் ஊற்றிக் கொடுத்தால், ‘லேபிள் இல்லை’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு ஆதாரம்தான். வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும், ஆனால் சொல்கிறவர் பெயர் இருக்க வேண்டும், பிள்ளையின் பெயர் வேண்டாம். வெறும் கேனைத் தண்ணீர் எடுக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கம் இன்னும் சில லயத்தில் இருக்கிறது. தயவு செய்து அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கொப்பிகள் வாசல் பக்கத்துப் பெட்டியில் இருக்கின்றன, தோட்டத்துக்கு இரண்டு. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள், இரண்டு பக்கம்தான் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. பஸ் நாலரைக்கு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.